ஸகியா அசைக்காத படம்

கல்முனை பஸாரில் ஜெஸீமின் கடை என்றால் ஆரும் காட்டிவிடுவார்கள். கொழும்பிலிருந்து வரும் பாவித்த டீவியும் போனும் விற்கிற கடை. முன்பக்கம் எந்நேரமும் வெளிச்சமும் சத்தமும்தான். பின்னால் ஒரு சின்ன அறை. ஒரே ஜன்னல், அதற்கும் கறுப்புச் சீலை. அந்த இருட்டுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, முக்காட்டை இழுத்துச் செருகி, பிஸ்மி சொல்லி டீவியைப் போடுகிறவள் ஸகியா. இன்னும் ஒரு வருசத்தில் ஐம்பது வயதாகும்.

டீவியில் படம் ஓடினால் அவளுக்கு வேலை இல்லை. வெறும் நிறம் நிற்கவேண்டும். முழு ஸ்கிரீனும் ஒரே சிவப்பு, பிறகு ஒரே பச்சை, ஒரே நீலம், வெள்ளை, கடைசியில் கறுப்பு. ஸ்கிரீன் என்பது லட்சக்கணக்கான சின்னப் புள்ளிகள் சேர்ந்தது. அதில் ஒன்று செத்துப்போனால் வெள்ளையில் எறும்பு மாதிரிக் கறுத்துத் தெரியும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டால் கறுப்பில் நெருப்புப் பொறி மாதிரி மினுங்கும். அதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட வேண்டும். வாங்க வருகிறவரிடம் அந்தக் குறையைச் சொல்லித்தான் விற்பார்கள். குறையை மறைத்து விற்றால் அந்த வியாபாரத்தில் பறக்கத், அல்லாஹ்வின் அருள், இருக்காது என்பது ஸகியாவின் உறுதி. ஜெஸீமும் அதற்கு மாறாகக் கதைத்ததில்லை.

ஸகியா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டீவிப் பெட்டியில் இங்கிலிசில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பதினைந்து வருசம் இறக்காமத்தில் கணவன் ஜெமீலின் ஊரில் இருந்தபோது அரிசி ஆலையில் கல் பொறுக்கியவள். சுளகில் அரிசியைப் பரப்பினால் கல் தானாக அவள் கண்ணில் வந்து விழும். ஆறு வருசத்துக்கு முன்னால் கல்முனைக்குத் திரும்பி வந்தபோது, ஜெஸீம் அவள் அரிசி பார்ப்பதைக் கண்டுவிட்டுத்தான் கேட்டான். அவன் அவளுடைய சாச்சியின் மகன். கூடப் பிறந்த தம்பி மாதிரி.

"ராத்தா, இந்தக் கண்ணுக்கு நான் ஒரு வேல தாறன். வாறீங்களா?"

அவள் ஸ்கிரீனையும் வயலாகத்தான் பார்த்தாள். மனதுக்குள் வரம்பு கட்டி, பாத்தி பிரிக்கிற மாதிரி வரவை வரவையாகப் பிரித்து, ஒரு வரவை முடிந்தால் ஒரு ஸுப்ஹானல்லாஹ் சொல்லி அடுத்த வரவைக்குப் போவாள். முதலில் நேரே பார்ப்பாள், பிறகு கதிரையைத் தள்ளிச் சரிவாகப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் மெல்லிய சீலையால் துடைப்பாள். துடைத்துப் போனால் தூசி.

"பொம்புள பாக்கப் போகக்குள்ள உங்களக் கூட்டிப் போகாதது நல்லதாப் போச்சு ராத்தா. குறை சொல்லிச் சொல்லி, எனக்குக் கல்யாணமே நடந்திரிக்காது" என்று ஜெஸீம் பகிடி விடுவான்.

"அவளுக்குக் குறை சொல்ல ஏலா. உன்னைத்தான் அவங்க ஆக்கள் சரியாப் பாக்கல்ல" என்பாள் ஸகியா.

வேலைக்கு வந்த முதல் நாளே ஜெஸீம் ஒரு விசயம் சொல்லிக் கொடுத்திருந்தான். படம் நிற்கும்போது ஒரு புள்ளி தெரிந்தால், அது படத்தில் இருக்கிறதா ஸ்கிரீனில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? படத்தை அசைத்துப் பார்க்கவேண்டும். புள்ளி படத்தோடு சேர்ந்து போனால் அது படத்துடையது. படம் போயும் புள்ளி நின்ற இடத்தில் நின்றால் அது ஸ்கிரீனுடையது. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆறு வருசத்தில் ஸகியா எத்தனையோ ஸ்கிரீனைப் பார்த்துவிட்டாள். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அது அவளுடைய சொந்தப் போன்.

அந்தப் போனில் ஒரே ஒரு படம் இருந்தது. ஜெஸீமின் கல்யாண வீட்டில் எடுத்தது. அந்தக் கல்யாணம் நடந்தது சுனாமிக்கு முதல் நாள், சனிக்கிழமை. வீடு, கழுவாத பிலிம், கசெட் எல்லாவற்றையும் மறுநாள் கடல் கொண்டுபோய்விட்டது. பல வருசம் கழித்து, கட்டாரில் இருந்த ஜெஸீமின் மச்சி றஸ்னா பழைய பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து, அன்றைக்குத் தன் கமராவில் எடுத்த ஒரு படத்தைக் கண்டெடுத்து, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். ஜெஸீம் அதை ஸகியாவுக்கு அனுப்பினான். பிறகு அவனுடைய போன் களவு போயிற்று. றஸ்னாவும் கட்டாரை விட்டு வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவரவில்லை. இப்போது உலகத்தில் அந்தப் படம் இருப்பது ஸகியாவின் போனில் மட்டும்தான்.

பெண்கள் நிறையப் பேர் நிற்கிற படம். ஓரத்தில், ஆரோ ஒருவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு, இளம் பச்சைச் சட்டையோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறாள் றுஸ்தா. ஸகியாவின் மகள். நாலு வயது. முழங்காலோடு படம் முடிந்துவிடுகிறது.

றுஸ்தாவுக்கு வேறு படம் கிடையாது. ஜெமீலின் வாப்பா பேணுதலான மனிசன். வீட்டில் உருவப்படம் இருந்தால் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று படம் எடுக்க விடமாட்டார். ஸகியாவும் அதைச் சரியென்றுதான் ஏற்றிருந்தாள். இப்போதும் பிழை என்று சொல்லமாட்டாள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படம் எதற்கு? சனிக்கிழமை சட்டையைப் பிடித்து இழுத்து நடந்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லை. ஜனாஸாவும் கிடைக்கவில்லை. மண் போட ஒரு கபுறு இல்லை, போய் நின்று ஸலாம் சொல்ல ஓர் இடம் இல்லை. பதினைந்து வருசத்துக்குப் பிறகு இந்தப் படம் வந்தபோது ஜெமீல் ஒரே ஒரு தரம் பார்த்தான். "நீ வச்சிரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனவன், பிறகு கேட்டதில்லை.

படம் வந்த அன்றைக்கே ஸகியா அதைக் கண்டாள். றுஸ்தாவின் இடது கன்னத்தில் எள்ளு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி.

போனை உடனே கவிழ்த்து வைத்தாள்.

ஏனென்றால் அந்தப் புள்ளியைக் கல்யாணத்தன்று காலையில், படம் எடுக்கக் கொஞ்சம் முன்னால், அவளே தன் கையால் அழித்திருந்தாள்.

அப்போது அவர்கள் மருதமுனைக் கடற்கரையில், பாண்டிருப்பு எல்லையில் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மீனாம்பிகை அக்காவின் வீடு. புருசன் தங்கத்துரை கடலுக்குப் போகிறவர். மீனாம்பிகைக்கு மூன்றும் ஆம்புளப் பிள்ளைகள். அதனால் றுஸ்தா என்றால் உயிர். பிள்ளை வேலி இடுக்கால் பூந்து அங்கே போனால், தலை இழுத்து, ரிபன் கட்டி, வாயில் எதையாவது அடைத்துத்தான் திருப்பி அனுப்புவாள். கல்யாணத்தன்றும் சட்டை போட்டு வெளிக்கிடுத்தியது மீனாம்பிகைதான். "இண்டைக்கு எல்லாக் கண்ணும் இவளிலதான் படும்" என்று சொல்லி, கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு வந்த ஜெமீலின் பக்கத்து ஆக்கள் முற்றத்தில் நின்றார்கள். அதில் ஒரு மனிசி பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன ஸகியா, புள்ளைக்குப் பொட்டும் வச்சாச்சா?"

ஸகியாவுக்கு முகம் எரிந்தது. முக்காட்டு நுனியை எச்சிலில் நனைத்து, பிள்ளையைப் பிடித்து, கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். வேலியடியில் நின்ற மீனாம்பிகையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்கட புள்ளைக்கு இதெல்லாம் வைக்காதீங்க. எங்களுக்கு அல்லாஹ் இரிக்கான்."

மீனாம்பிகை, "சரி புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் கடல் வந்தது. வேலியும் இல்லை, வீடும் இல்லை. ஸகியா இறக்காமத்துக்குப் போனாள். மீனாம்பிகை குடும்பம் தம்பிலுவிலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டாள். பிள்ளையின் ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருந்தது. ஒரு பொட்டு அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதில் ஸகியாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அவளைத் தின்றது அந்தச் சொல்தான். தன் பிள்ளையை அவ்வளவு பிரியமாக வைத்திருந்த ஒருத்தியை, நாலு பேர் முன்னால் வெட்டிப் பேசிய சொல். மீனாம்பிகை அக்கா மனம் நொந்துபோய், றுஸ்தாவைக் கடைசியாக ஒருக்காத் தூக்காமலே விட்டிருப்பாளோ?

படத்தில் அந்தப் புள்ளி இருந்தால், அதற்கு ஒரு அர்த்தம்தான். மீனாம்பிகை கோபிக்கவில்லை. பிள்ளையை ஒளித்துக் கூப்பிட்டுத் திரும்பவும் வைத்துவிட்டிருக்கிறாள்.

இல்லையென்றால், அது செத்த புள்ளி.

அசைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதனால்தான் ஸகியா அசைக்கவில்லை. அந்தப் படத்தைத் திறந்தால் போனை நேரே பிடிப்பாள். சரிக்கமாட்டாள், விரலை ஸ்கிரீனில் வைக்கமாட்டாள். கண் கூசுகிறது என்று சொல்லி, போனில் மற்ற எல்லாப் பக்கத்தையும் கறுப்பாக மாற்றி வைத்துக்கொண்டாள். செத்த புள்ளி கறுப்பில் தெரியாது. அது அவளைவிட ஆருக்குத் தெரியும்?

இந்த வருசம் போன் தன் பாட்டுக்குச் சாகத் தொடங்கியது. வலது ஓரத்திலிருந்து பச்சைக் கோடுகள் வந்தன. கிழமைக்கு ஒன்றிரண்டாக அவை றுஸ்தாவின் முகத்தை நோக்கி நகர்ந்தன.

"டிஸ்ப்ளே போகப்போகுது ராத்தா. புதுசு ஒண்டு மாத்துவம். படம் உள்ளுக்குப் பத்திரமா இரிக்கும், பயப்படாதீங்க" என்றான் ஜெஸீம்.

"இப்ப வேணா தம்பி."

"பிறகு தொடவே ஏலாமப் போயிரும்."

"வேணா எண்டா விடன்."

அவன் ஒருநாளும் அவள் அப்படிக் கதைத்துக் கேட்டதில்லை. முன்பக்கம் போய்விட்டான்.

அந்தக் கிழமைதான் ஒரு வயதாளி டீவி வாங்க வந்தார். பார்த்து வைத்த டீவி ஒன்றின் குறையைச் சொல்ல ஸகியாவைக் கூப்பிட்டார்கள். "கீழ் மூலையில ஒரு பச்சைப் புள்ளி இரிக்கி. தூரத்திலிருந்து பாத்தாத் தெரியா. எண்டாலும் பாத்துத்தான் எடுங்க" என்றாள்.

அந்த மனிசன் டீவியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

"நீ வேலிக்கு அங்கால இருந்த ஸகியாவெல்லே?"

தங்கத்துரை. தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் அதே குரல். ஸகியா முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"அக்கா?"

"இரிக்கா. முழங்கால்தான் சரியில்ல. வாய்க்கு ஒரு குறையும் இல்ல." அவர் சிரித்தார். "ஒருக்கா வாவன் புள்ள. தம்பிலுவில் என்ன வெளிநாடா?"

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸகியா யோசித்தாள். விரலிடம் கேட்கலாம், அல்லது ஆளிடம் கேட்கலாம். விரலிடம் கேட்கத் தைரியம் இல்லை. ஆள் வாய் திறந்து, "ஓம், நான்தான் வச்சன்" என்று சொல்லிவிட்டால், பிறகு ஸ்கிரீன் செத்தால் சாகட்டும்.

வெள்ளிக்கிழமை கடை பூட்டு. சுபஹ் தொழுது, ஜெமீலுக்குச் சோறு மூடி வைத்துவிட்டு, ஸகியா பொத்துவில் பஸ்ஸில் ஏறினாள். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஸலவாத் ஓதினாள். இடது பக்கம் வீடுகளுக்கு இடையில் கடல் தெரியும்போதெல்லாம் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். பைக்குள் போன்.

மீனாம்பிகை முற்றத்தில் பலகையில் இருந்து, கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஆரு?" என்றாள். பிறகு, "வந்திற்றியா" என்றாள்.

ஸகியா, பஸ்ஸில் சொல்லவேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தவள்தான். அப்படியே மணலில் இருந்துவிட்டாள்.

"சீலையெல்லாம் மீன் மணக்கப் போகுது. ஒழும்பி அந்தக் கதிரையில இரி."

"அக்கா, அண்டைக்கு நான் அப்படிச் சொல்லிரிக்கப்படா."

"எண்டைக்கு?"

"கல்யாணத்துக்கு. பொட்ட அழிச்சிற்று."

மீனாம்பிகை ஒரு மீனை எடுத்து, கீறி, குடலை எடுத்துப்போட்டாள். "அடியே, இருவது வருசம் கழிச்சு இதச் சொல்லவா வந்த? நானும் என்னமோ ஏதோ எண்டு பயந்து போனன்."

"கோபமா இரிந்தீங்களா அக்கா?"

"இல்லாம? நல்ல கோபம். ஒரு கிழமைக்கு உன்னோட கதைக்கிறதில்ல எண்டு நினைச்சிரிந்தன்." கத்தி நின்றது. "அடுத்த நாளே கடல் வந்திற்று. கோபிச்சுக்கொண்டிரிக்கவும் நேரம் கிடைக்கல்ல."

ஒரு காகம் குடலுக்கு வந்தது. மீனாம்பிகை கையை ஓங்கி அதைத் துரத்தினாள்.

ஸகியா கேட்டாள். "மறுகா வச்சீங்களா அக்கா? நான் அழிச்சதுக்குப் பிறகு?"

"வச்சன்."

ஸகியா கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நெஞ்சில் இருபது வருசமாக இருந்த கல் உருண்டு இறங்கியது.

"நான் வைக்கல்ல புள்ள, அவதான் வைப்பிச்சா" என்று மீனாம்பிகை சொல்லிக்கொண்டே போனாள். "நான் உள்ளுக்க இருந்து அழுதுகொண்டிரிக்கன். வேலி இடுக்கால வந்து நிக்கா. 'பெரியம்மா, உம்மா துடைச்சிற்றா, மறுகா வைங்க' எண்டு கன்னத்தக் காட்டுறா. அதில வச்சா நீ திருப்பியும் தேய்ப்பாய், தோல் உரிஞ்சிரும். அதான் கால நீட்டு எண்டன். உள்ளங்காலில, அந்தப் பள்ளத்தில வச்சன். அங்க நிலம் முட்டாது, அழியவும் அழியாது. கூச்சத்தில என்னமாச் சிரிச்சா. 'உம்மாக்குச் சொல்லப்படா' எண்டன். சொன்னாளா?"

"இல்ல" என்றாள் ஸகியா. "சொல்லல்ல."

அவளுடைய கை பைக்குள் போய்ப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கால். கன்னமில்லை.

"உன்னட்ட படம் இரிக்கா?" மீனாம்பிகையின் குரல் மாறியது. "கடைத் தம்பி சொன்னானாம் எண்டு இவர் வந்து சொன்னார், ஏதோ படம் இரிக்காம் எண்டு. எங்க, காட்டு. நான் அந்த முகத்தப் பாத்து எவ்வளவு காலம்."

ஸகியா எடுத்துக் கொடுத்தாள். மறுக்க முடியுமா? பச்சைக் கோடுகள் இப்போது றுஸ்தாவின் காதுக்குப் பக்கத்தில் வந்திருந்தன. மீனாம்பிகை கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"என்ட குஞ்சு. கண்ணச் சுருக்கிற சுருக்கு." பிறகு, "இதென்ன கன்னத்தில அழுக்கு?" என்றாள்.

கட்டை விரலை வைத்து அதைத் துடைத்தாள். பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி, மெல்ல, ஓரமாக.

படம் விரலோடு போயிற்று. பிள்ளை ஒரு பக்கமாக நகர்ந்தாள். புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது அது பின்னால் நின்ற ஒரு மனிசியின் சேலையில் இருந்தது. றுஸ்தாவின் கன்னம் அதற்குக் கீழேயிருந்து விலகி, வெறுமையாக வந்தது.

"போகுதில்லையே" என்றாள் மீனாம்பிகை.

"அது அவளுடைய இல்ல அக்கா," என்றாள் ஸகியா. "அது ஸ்கிரீன்ட."

பகல் சோறு சாப்பிடாமல் மீனாம்பிகை விடவில்லை. "ஹலாலான மீன்தான், கடல்லதான் புடிச்சது, பயப்படாமத் தின்" என்று பகிடி விட்டாள். பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு பொதி கருவாட்டைக் கையில் திணித்து, "அந்தப் படத்த எனக்கும் ஒண்டு அனுப்பு. என்ட மகன்ட போனுக்கு. கோடில்லாம அனுப்பு" என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஸகியா கடைக்குள் வந்ததும் வராததுமாகப் போனை ஜெஸீமின் மேசையில் வைத்தாள்.

"மாத்து தம்பி."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அரை மணித்தியாலத்தில் புது டிஸ்ப்ளே போட்டு முடித்துவிட்டான். "பாத்திற்றுச் சொல்லுங்க ராத்தா. குறை இரிந்தா வேற போடுறன்."

அவள் பின்னறைக்குப் போய், சீலையை இழுத்து மூடி, கதிரையில் இருந்தாள். பிஸ்மி சொன்னாள். சிவப்பு. பச்சை. நீலம். வெள்ளை. கறுப்பு. சின்ன ஸ்கிரீன்தான், இருந்தும் வரம்பு கட்டி, ஒரு வரவையும் விடாமல் பார்த்தாள். நேரே பார்த்தாள், சரித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

பிறகு படத்தைத் திறந்தாள்.

றுஸ்தா இவ்வளவு வெளிச்சமாக ஒருநாளும் நின்றதில்லை. பழைய ஸ்கிரீன் மஞ்சள் பூத்துப்போனது. இதில் சட்டையின் பச்சை பச்சையாகவே இருந்தது. வாயோரத்தில் ஏதோ இனிப்பு ஒட்டியிருந்தது. புள்ளி இருந்த கன்னத்தில் புள்ளி இல்லை. ஆனால் அந்தக் கன்னம் மற்றக் கன்னம் மாதிரியும் இல்லை. லேசாகச் சிவந்திருந்தது. விரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழாக.

அவள் மெல்லிய சீலையை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை.

ஸகியா விரலை வைத்தாள். ஆறு வருசத்தில் முதல் தடவையாகத் தானே அந்தப் படத்தை அசைத்தாள். சிவப்பு பிள்ளையோடு போயிற்று. திருப்பி இழுத்தாள். பிள்ளையோடு வந்தது. தன் முக்காட்டு நுனி தேய்த்த இடம். இது றுஸ்தாவுடையதுதான்.

"மன்னிச்சிரு மகள்" என்றாள் ஸகியா. சத்தம் வெளியே வரவில்லை.

முன்பக்கம் ஜெஸீம் ஆருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் விரலை எடுக்கவில்லை. படத்தை மேலே தள்ளினாள். முகம் மேலே போயிற்று, பச்சைச் சட்டை போயிற்று, முழங்கால் வந்தது. அதோடு படம் முடிந்து கறுப்பாயிற்று. விரலை விட்டதும் படம் இறங்கி, பழைய இடத்தில் வந்து நின்றது. றுஸ்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸகியா இன்னொரு தரம் மேலே தள்ளினாள். இந்தத் தரம் விரலை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே, அந்த உள்ளங்கால் இருந்திருக்கவேண்டிய கறுப்பை, வரவை வரவையாகப் பார்த்துக்கொண்டு போனாள்.